பெர்லினில் முதல் ஓராண்டு: ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குங்கள்

நானும் என் மனைவியும் பெர்லினுக்கு வந்தது ஓர் அக்டோபர் மாதத்தில். வேலை, வீடு, வங்கி என்று முதல் சில வாரங்கள் ஓட்டமாக ஓடிவிட்டன. அதில் பெரிய சிரமம் எதுவும் தெரியவில்லை. சிரமம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. கடை கிடையாது, சத்தம் கிடையாது, தெருவில் ஆளும் அதிகம் கிடையாது. திருச்சியில் ஞாயிறு என்றால் காலையில் கறிக்கடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வருவது என்று தானாகவே நிறைந்துவிடும். இங்கே நாம் எதையும் வைக்காத ஞாயிறு கடைசிவரை காலியாகவே கிடக்கும்.

அதன் பிறகு இங்கே புதிதாக வந்த பலரைப் பார்த்துவிட்டேன். ஒரே வருடத்தில் மனம் வெறுத்துத் திரும்பியவர்களில் வேலையைக் குறை சொன்னவர்கள் குறைவு. வாரக்கடைசியைத் தாங்க முடியவில்லை என்றுதான் பலரும் சொன்னார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். எல்லாம் செட்டில் ஆகட்டும், பொழுதுபோக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்குங்கள்.

படி 1: முதல் இரண்டு வாரம், பதிவும் தபால்பெட்டியும்

வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். பியூர்கராம்ட் என்னும் குடிமக்கள் அலுவலகத்தில் செய்வார்கள். நகரத்தின் எந்த வட்டாரத்து அலுவலகத்திலும் நேரம் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துத் தெருவில்தான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நேரம் கிடைப்பது கஷ்டம். காலையில் சீக்கிரமே இணையதளத்தைத் திறந்து பாருங்கள், ரத்தான இடங்கள் அப்போது தென்படும். பாஸ்போர்ட்டோடு, நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் உறுதிசெய்து கையெழுத்திட்ட தாளும் கட்டாயம் வேண்டும்.

படிவத்தில் மதம் என்ற கட்டம் இருக்கும். சும்மா நிரப்பும் கட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தோலிக்கர் என்றோ, ஜெர்மன் புராட்டஸ்டண்ட் திருச்சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால், வருமான வரியின் மேல் 9 சதவீதம் தேவாலய வரியாகப் பிடிப்பார்கள். திருச்சபைக்குக் கொடுக்க விரும்புகிறவர்கள் மனதாரக் கொடுக்கலாம். ஆனால் தெரிந்து எழுதுங்கள்.

பதிவு முடிந்த சில வாரங்களில் வரி எண் தபாலில் வரும். கூடவே ஒலிபரப்புக் கட்டணக் கடிதமும் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இருக்கிறதோ இல்லையோ கட்ட வேண்டும். ஆள் கணக்கில் இல்லை, வீட்டுக் கணக்கில். நண்பர்களோடு பகிர்ந்து தங்கினால் ஒருவர் கட்டினால் போதும். இந்த நாடு இன்னும் தாளில்தான் பேசுகிறது. தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். தினமும் பெட்டியைத் திறந்து பாருங்கள். புரியாத கடிதத்தை ஓரமாக வைத்துவிடாமல் அன்றைக்கே யாரிடமாவது காட்டிக் கேளுங்கள்.

இரண்டு எண்களை போனில் சேமித்துவையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. டாக்டர் வேண்டும், ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகிற அளவுக்கு இல்லை என்றால் 116117.

படி 2: சத்தம், குப்பை, பாட்டில்

இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை அமைதி நேரம். ஞாயிறும் அரசு விடுமுறை நாட்களும் முழுநாளும் அமைதி நாட்கள். சுவரில் துளை போடக் கூடாது. கண்ணாடி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடுவதைக்கூடச் சனிக்கிழமையே முடித்துவிட வேண்டும். நாங்கள் வந்த புதிதில் ஒரு ஞாயிறு காலை ஏழரைக்கு மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்தோம். கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து, கோபமில்லாமல், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஞாயிறு சட்னி சனிக்கிழமை மாலையே அரைபட்டுவிடும்.

குப்பையைப் பிரிப்பது முதல் வாரம் குழப்பும், அப்புறம் கை தானாகச் செய்யும். காகிதம் தனி, சமையல் கழிவு தனி, பிளாஸ்டிக்கும் தகரமும் தனி, மீதி தனி. கண்ணாடியில் வெள்ளையும் நிறமுள்ளதும் தனித்தனி. பானப் பாட்டில்களுக்கு ஃபான்ட் என்ற வைப்புத்தொகை உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், திரும்ப நிரப்பும் மற்ற பாட்டில்களில் பலவற்றுக்கு 15 சென்ட். சூப்பர்மார்க்கெட் எந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைக் கல்லாவில் கொடுக்கலாம். வெளியே குடித்துவிட்டுப் பாட்டிலை எறிவதாக இருந்தால் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். அவற்றைச் சேகரித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தொட்டிக்குள் கைவிட வேண்டியிருக்காது.

அக்கம்பக்கத்தாரோடு பழக இங்கே ஒரு நல்ல வழி பார்சல். நீங்கள் வீட்டில் இருக்கும்போது தபால்காரர் மணியடித்து அடுத்த வீட்டுப் பார்சலை வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்பார். வாங்கி வையுங்கள். மாலையில் அவர்களே வந்து கதவைத் தட்டுவார்கள், பெயர் சொல்லி அறிமுகமாவார்கள். எங்கள் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த ஐந்து குடும்பங்களில் மூன்று அப்படித்தான் பழக்கமாயின.

படி 3: சமையலறையை முதல் மாதத்திலேயே ஓட வையுங்கள்

சாப்பாடு சரியாக அமைந்துவிட்டால் மனம் பாதி அடங்கிவிடும். நம் ஊர் மிக்ஸி இங்கே ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு. எர்த் இணைப்புள்ள நல்ல அடாப்டராக வாங்குங்கள். அரிசி, உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் ஆசியக் கடைகளில் கிடைக்கும். இலங்கைத் தமிழர் நடத்தும் கடைகளில் உறைந்த தேங்காய்த்துருவலும் முருங்கைக்காயும்கூட உண்டு. குளிரில் மாவு பொங்காது. ஓவன் அடுப்பைச் சூடாக்காமல், அதன் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள். காலையில் பொங்கியிருக்கும்.

காய்கறிக்கு, செவ்வாய், வெள்ளிகளில் மைபாகுஃபர் கால்வாய்க் கரையில் கூடும் துருக்கிச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கொத்தமல்லிக் கட்டு, கத்தரிக்காய், கூவி விற்கும் குரல் எல்லாம் இருக்கும். வந்த புதிதில் எனக்கு அந்தக் கூவல்தான் பெரிய ஆறுதல்.

படி 4: ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் உருவம் கொடுங்கள்

கடைகள் ஏன் அடைத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் எரிச்சல் குறையும். ஞாயிறு இங்கே அரசமைப்பிலேயே பாதுகாக்கப்பட்ட நாள். வேலைக்கு ஓய்வும் உள்ளத்துக்கு உயர்வும் தரும் நாள் என்று 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பு எழுதியதை, 1949 இல் வந்த, அடிப்படைச் சட்டம் எனப்படும் இன்றைய அரசமைப்பு அப்படியே ஏற்றுக்கொண்டது. பால் தீர்ந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். மற்றபடி சனிக்கிழமை மாலைக்குள் வாங்கிவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்கள் இந்த நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கவனித்தேன். தாமதமான நீண்ட காலைச் சாப்பாடு. பிறகு நடை. மழையோ குளிரோ, நடப்பார்கள். மூன்று நான்கு மணிக்குக் காப்பியும் கேக்கும். நாளுக்கு ஓர் எலும்புக்கூடு இருக்கிறது, அவ்வளவுதான். நீங்களும் உங்களுக்கு ஒன்றைக் கட்டுங்கள். எங்களுடையது இது: காலை தோசை, பதினொரு மணிக்கு ஊருக்குப் போன், ஒரு மணிக்கு வெளியே கிளம்புவது, இருட்டுமுன் திரும்புவது, மாலையில் வாரத்துக்கான சமையல்.

போன் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோடையில் இந்தியாவும் இலங்கையும் மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்தபின் அது நாலரை மணி ஆகிவிடும். குளிர்காலத்தில் நீங்கள் ஆறு மணிக்கு வேலை முடித்து நிமிர்ந்தால் அங்கே பத்தரை, அம்மா அப்பா தூங்கியிருப்பார்கள். வார நாட்களில் பேச முடியாமல் போக, அதையெல்லாம் ஞாயிற்றில் கொட்டி, நாள் முழுவதும் வீடியோ காலிலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன். போனை வைத்ததும் அறை முன்பைவிட வெறிச்சென்று இருக்கும். அதனால் ஞாயிறு பேச்சுக்கு ஒரு நேரம் குறித்து, அதன் முடிவில் வெளியே போகும் ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் காலை வேலைக்குப் போகும் வழியில் பத்து நிமிடம் பேசுங்கள். அப்போது அங்கே மத்தியானம், வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள்.

எங்கே போவது? முதலில் டெம்பல்ஹோஃபர் ஃபெல்டு. 2008 வரை விமான நிலையம், 2010 முதல் பொதுமக்களுக்கான திறந்தவெளி. சுமார் 300 ஹெக்டேர். அங்கே வீடுகள் கட்டும் திட்டத்தை 2014 இல் நகர மக்கள் வாக்களித்துத் தடுத்துவிட்டார்கள். விமானம் ஓடிய பாதையில் சைக்கிள் ஓட்டலாம், பட்டம் விடலாம், புல்லில் சாப்பாட்டைப் பிரித்து உட்காரலாம். புளியோதரைக்கு அதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் எனக்குத் தெரியாது. காசும் கிடையாது.

அப்புறம், நாடு முழுவதற்குமான மாதாந்தரப் பயணச்சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய அது, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. நகரப் பேருந்து, டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும். அதிவேக ரயில்களில் செல்லாது. இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கு மட்டும் போய்வருவது பெரிய நஷ்டம். போட்ஸ்டாமின் சான்சூசி பூங்கா, படகில் கால்வாய்களுக்குள் போகும் லூபெனாவ், கடல் பார்க்க வேண்டுமென்றால் ராஸ்டாக் வழியாக வார்னமுண்டே. எல்லாமே காலையில் போய் இரவுக்குள் திரும்பலாம். சீட்டு வேண்டாம் என்றால் மாதம் 10 ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை என்பதற்காகச் சீட்டில்லாமல் ஏறிவிடாதீர்கள், அபராதம் 60 யூரோ.

படி 5: ஒரு சங்கத்தில் சேருங்கள்

என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான படி இதுதான்.

ஜெர்மானியர்கள் ஒட்ட மாட்டார்கள் என்று புதிதாக வந்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊரில் நட்பு, சும்மா வந்து போவதில் வளரும். இங்கே அது ஒரே வேலையை ஒரே கிழமையில் சேர்ந்து செய்வதில் வளர்கிறது. அந்த வேலைக்கான இடம் ஃபெரைன் என்ற சங்கம். நாடு முழுவதும் பதிவான ஃபெரைன்கள் ஆறு லட்சம் அளவில் இருக்கின்றன. ஏழு பேர் சேர்ந்தால் ஒன்றைப் பதிவு செய்துவிடலாம். கால்பந்து, சதுரங்கம், பாட்டுக்குழு, தோட்டம், மலையேற்றம் என எல்லாவற்றுக்கும் உண்டு. பெர்லினில் கிரிக்கெட்டுக்கும் உண்டு.

எப்படிச் சேர்வது? உங்கள் வட்டாரத்தின் பெயரையும் விளையாட்டின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போகக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள். ஜனவரி மாத இருட்டில் நாற்பது நிமிடம் போக வேண்டிய இடத்துக்கு நீங்கள் போக மாட்டீர்கள். ஒரு மின்னஞ்சல் எழுதி, வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒன்றிரண்டு முறை காசில்லாமல் வரச்சொல்வார்கள். பிடித்திருந்தால் சேருங்கள். விலகும் விதியை மட்டும் முன்னாலேயே படித்துவிடுங்கள். பல சங்கங்களில் அரையாண்டு அல்லது ஆண்டு முடிவில்தான் விலக முடியும், அதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நான் டேபிள் டென்னிஸ் சங்கத்தில் சேர்ந்தேன், செவ்வாய் மாலை. முதல் ஆறு வாரம் யாரும் என்னிடம் சொந்த விஷயம் எதுவும் கேட்கவில்லை. ஆட்டம், வணக்கம், வீடு. இது சரிவராது என்று நிறுத்தியிருப்பேன், என் மனைவிதான் பத்து முறையாவது போய்ப் பாருங்கள் என்றாள். ஏழாவது வாரம் காய்ச்சலால் போகவில்லை. எட்டாவது வாரம் உள்ளே நுழைந்ததும் மூன்று பேர் போன வாரம் எங்கே என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் பிற்பாடு எங்களுக்கு வீடு மாற உதவினார். அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பத்து முறை போகாமல் முடிவெடுக்காதீர்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. ஜெர்மனில் நீ, நீங்கள் இரண்டுக்கும் டூ, ஸீ என்று சொற்கள் இருப்பதால் நமக்கு அந்த வித்தியாசம் எளிதில் பிடிபடும். ஆனால் நாம் வயதைப் பார்த்துச் சொல்வோம், இங்கே இடத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். அலுவலகப் படிவம் நிரப்பித் தருகிற இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஸீ. சங்கத்தில் கூட விளையாடும் எழுபது வயதுப் பெரியவருக்கு டூ. முதலில் நாக்கு கூசும். அவரே டூ என்று சொல்லச் சொல்வார், சொல்லிவிடுங்கள்.

விளையாட்டு பிடிக்காதவர்களுக்கு ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடம் இருக்கிறது. பெர்லினின் 12 வட்டாரங்களிலும் ஒவ்வொன்று. ஜெர்மன் வகுப்புக்காகப் போகிற பலர் அங்கேயே மண்பாண்டம், தையல், புகைப்படம் எல்லாம் கற்றுத்தருவதைக் கவனிப்பதில்லை. கட்டணம் தனியார் வகுப்புகளைவிடக் குறைவு. கையால் செய்யும் வகுப்பில் அரைகுறை ஜெர்மன் போதும், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் செய்யலாம்.

படி 6: நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள்

கோடைக்காலப் பெர்லின் ஏரிகளில்தான் இருக்கிறது. ஷ்லாஃக்டென்ஸே ஏரிக்கு நகர ரயிலிலிருந்து இறங்கியதும் நடந்துவிடலாம். மியூகல்ஸே இந்த நகரத்தின் மிகப் பெரிய ஏரி. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைவரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து நேராக ஏரிக்குப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். நீந்தத் தெரியாவிட்டால் நீங்கள் கரையில் துணிப்பைகளைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். முதல் கோடையில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்புகள் நகராட்சிக் குளங்களிலும் சங்கங்களிலும் நடக்கின்றன. சீக்கிரம் நிரம்பிவிடும், அறிவிப்பு வந்த அன்றே பெயர் கொடுங்கள். இங்கே குழந்தைகள் முதலில் வாங்குவது கடல்குதிரைப் பட்டை என்ற நீச்சல் சான்று: குளத்தில் குதித்து 25 மீட்டர் நீந்தி, தோள் ஆழத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுக்க வேண்டும். ஆனால் அதை வாங்கியவரை நீந்தத் தெரிந்தவராக ஜெர்மன் உயிர்காப்புச் சங்கம் கணக்கில் எடுப்பதில்லை. 15 நிமிடம் விடாமல் குறைந்தது 200 மீட்டர் நீந்த வேண்டிய வெண்கலப் பட்டைதான் அதன் அளவுகோல். ஏரியில் இறங்குமுன் அந்த அளவை எட்டிவிடுங்கள். குளத்தின் தரை தெரியும், ஏரியின் தரை தெரியாது. நான் 34 வயதில் தொடங்கி, வெண்கலம்வரை போக ஒன்றரை வருடம் ஆனது. குழந்தைகள் இருந்தால் அவர்களையும் நீச்சல் வகுப்புக்கான காத்திருப்போர் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

ஏரிக்கரைகளில் சில பகுதிகளில் உடையில்லாமல் குளிப்பது வழக்கம். சானா என்னும் சூடான வியர்வைக் குளியல் அறைகளில் பெரும்பாலும் ஆண் பெண் சேர்ந்து, நீச்சலுடைகூட இல்லாமல் துண்டோடு உட்காருவார்கள். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. உங்களுக்குச் சம்மதம் இல்லை என்றால், பெண்களுக்கு மட்டுமான நாட்கள் உள்ள இடங்களும் இருக்கின்றன. போவதற்கு முன் கேட்டுக்கொண்டால் வாசலில் நின்று திகைக்க வேண்டியிருக்காது.

படி 7: குளிர்காலத்துக்குச் செப்டம்பரிலேயே ஏற்பாடு

டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்கு மேல் எழுந்து நான்கு மணிக்கு முன்னால் போய்விடும். குளிரை ஜாக்கெட் பார்த்துக்கொள்ளும், இருட்டைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி நேரமாவது வெளியே நடந்துவிடுங்கள். நவம்பர் தொடங்கிப் பிப்ரவரிவரை வாரத்தில் இரண்டு மாலைகளாவது வீட்டுக்கு வெளியே, வெளிச்சமான ஓர் அறையில், மற்றவர்களோடு கழியும்படி முன்னாலேயே காசு கட்டிப் பதிவு செய்துவிடுங்கள். அந்த மாதங்களில் புதிதாக எதையும் தொடங்கும் தெம்பு வராது. வைட்டமின் டி அளவைக் குடும்ப மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டால், அது வானிலை என்று விட்டுவிடாமல் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.

படி 8: தமிழுக்கும் ஓர் இடம்

தமிழரோடு மட்டுமே பழகுவது, தமிழரையே தவிர்ப்பது, இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நாளடைவில் ஆளை ஒடுக்குகின்றன.

பெர்லினுக்கும் தமிழருக்கும் உள்ள தொடர்பு நம் மென்பொருள் வேலைகளோடு தொடங்கியதல்ல. 1980களில் போரிலிருந்து தப்பிய இலங்கைத் தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்டு விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் வந்தார்கள். கடைகளையும் கோயில்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் கட்டியவர்கள் அவர்களே. பிரிட்ஸ் பகுதியிலுள்ள மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனால் அவர்களோடு பேசுங்கள். இந்த நாட்டில் வேரூன்றுவதைப் பற்றி எந்த இணையதளமும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள். ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலுள்ள ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002 இல் குடமுழுக்குக் கண்டது. கோடைத் தொடக்கத்தில் அங்கே நடக்கும் தேரோட்டத்துக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். ஜெர்மன் தெருவில் தேர் வடத்தைப் பிடித்தபோது என் மனைவி அழுதுவிட்டாள்.

படி 9: ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள்

ஆறேழு மாதம் ஆனபிறகு, சங்கத்திலோ கட்டடத்திலோ பழகிய ஒருவரை ஞாயிறு மூன்று மணிக் காப்பிக்குக் கூப்பிடுங்கள். இந்த ஞாயிறு வாருங்கள் என்றால் பெரும்பாலும் முடியாது என்பார்கள். அது மறுப்பு அல்ல, நாட்காட்டி நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் தள்ளித் தேதி கேளுங்கள். என்ன சாப்பிட மாட்டார்கள் என்றும் கேட்டுவிடுங்கள், மாமிசம் சாப்பிடாதவர்கள் இங்கே நிறைய. சரியாக மூன்று மணிக்கு மணியடிப்பார்கள், கையில் பூவோ கேக்கோ இருக்கும். காலணியைக் கழற்றலாமா என்று அவர்களே கேட்பார்கள். ஃபில்டர் காப்பியை நுரையோடு ஆற்றிக் கொடுங்கள், கூடவே சூடாக வெங்காய பஜ்ஜி. ஐந்தரைக்குக் கிளம்புவார்கள். வாசலில் நிற்கும்போதே அடுத்த தேதியைப் பேசி, இருவரும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.